மூன்றாவது பாட்டு

மிக்கெல் மடிக்கணினியைத் திறந்ததும் பிர்த்தே தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.



வானொலி நிலையத்துப் பையன் அவன். பிற்பாடு உலகமே கொண்டாடிய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகன், காசில்லாமல் கோபன்ஹேகனில் திரிந்த குளிர்காலத்தில், இதே சமையலறையில் பாடிய ஒலிநாடா ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறது.

"இங்க இருந்த மீனையெல்லாம் அவன் தின்னான். புருஷன்காரன் நான் கப்பல்ல உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்," என்றார் ஹெல்கே.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அந்த நாடா பதிவானது எந்த நாள் என்று அவருக்கும் தெரியும்.

அன்று ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில், அந்த ஊரில் எல்லா வீட்டுக் குழந்தைகளையும் போல, அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை லீசே குளிர்காற்றில் தள்ளுவண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை முகத்தில் ஏறிவிட்டது.

முதல் அழுகை கேட்டதுமே பாட்டைப் பாதியில் விட்டு ஓடினேன், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாள். கப்பலிலிருந்து இறங்கி ஓடிவந்த ஹெல்கேயிடமும். அறுபது வருடங்களாக அவர் அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றுகிறார்.

முதல் பாட்டு ஓடியது. இரண்டாவதும் முடிந்தது.

"மூணாவதுதான் கடைசி. அதுதான் எங்க உயிரை வாங்கிடுச்சு," என்றான் மிக்கெல். "ஆரம்பத்துலேர்ந்து வெளியில ஒரு பூனை விடாம கத்திட்டிருந்துச்சு. அந்தச் சத்தத்தைச் சுத்தமா துடைச்சுட்டோம். இப்ப பாட்டு மட்டும்தான் இருக்கும்."

அவளுக்கு மூச்சு வந்தது. கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹெல்கே தன் கையை அவற்றின்மேல் வைத்தார்.

கித்தார். அவன் குரல். பல்லவியில் அவனோடு ஒரு பெண்குரல் சேர்ந்தது.

"நீதான்," என்றார் ஹெல்கே ஆசையாக.

அந்தக் குரல் முதல் சரணத்தைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. எங்குமே தயங்கவில்லை. துடைத்த கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது.

மேசைமேல் ஹெல்கேயின் கை அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. அன்று சமையலறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பெண்குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் நாடாவில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம்.