சனிக்கோளில் எங்கள் கிரைண்டர்

தொலைக்காட்சித் தொடர்களுக்குச் சத்தம் சேர்ப்பது என் தொழில். என் விண்கலங்கள் பறக்கும்போது வரும் அந்தக் கம்பீரமான 'உர்ர்ர்' எங்கள் வீட்டு மாவு கிரைண்டருடையது. என் மனைவி மங்களம் இயற்பியல் ஆசிரியை. முப்பது வருடமாக அவளுக்கு இதில் மானக்கேடு.

"காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படிங்க கேக்கும்? ஸ்கூல்ல பசங்க என்னைப் பாத்துச் சிரிக்குதுங்க."

போன வாரம் எங்கள் மகள் இளவேனில் நிஜக் கலத்தில் சனிக்கோளை நெருங்கினாள். செய்தி வந்தது. "அப்பா, இங்க ஒரே நிசப்தம். கலம் நின்னு போச்சோன்னு பயந்து ஆறு பேரும் சரியாத் தூங்கியே பத்து நாளாச்சு. உங்க உர்ர்ர் அனுப்புங்க, கேபின்ல போட்டுக்கறோம்."

பழைய பதிவைத் தேடி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் முழுதாகக் கேட்டேன். கிரைண்டருக்குப் பின்னால் மங்களம் கத்துகிறாள்: "அதை நிறுத்துங்க! பாப்பா இப்பத்தான் தூங்குறா!"

"உலகமே கேக்கப்போகுது" என்று என்னை முறைத்தபடி ரசம் வைத்தாள் மங்களம்.

நான்கு மணி நேரம் கழித்து, கலத்தின் கணினி பதில் அனுப்பியது. 'ஆறு பேரும் உறங்குகிறார்கள். முதலில் உறங்கியவர் இளவேனில்.'

நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால், அந்த வளையங்களின் பக்கத்தில், எங்கள் சமையலறை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் புல்லரித்தது.

"காத்தே இல்லாத இடமாச்சே, மங்களம்!" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க. புள்ள முழிச்சுக்கப் போறா."