சின்னராசுவின் கெட்ட பழக்கங்கள்

“இப்ப என்னைத் திட்டுனியா, புகழ்ந்தியா?” என்று கேட்டபடியே உள்ளே வந்தான் சின்னராசு. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு டிராக்டரோடு அப்போதுதான் திரும்பியிருந்தான்.

“புகழ்ந்தேங்க. என் வூட்டுக்காரரு சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துடுவாருன்னு சொன்னேன்,” என்றாள் இசைவாணி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

அவள் ஜப்பான் மொழியில் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது அதற்கு நேர்மாறானது. ஒருவருடைய வேண்டாத பழக்கத்தைச் சொல்ல, ஜப்பான் மொழியில் வினைச்சொல்லின் வாலில் ‘கச்சி’ என்று ஒன்றை ஒட்டுகிறார்கள். தாமதமாக வருபவனுக்கு ‘ஒகுரே கச்சி’. இந்தப் பாடத்துக்கு உதாரணம் தேடி அவள் அலையவே வேண்டியிருக்கவில்லை. உதாரணம் வீட்டிலேயே இருந்தது.

நர்ஸ் படித்த இசைவாணிக்கு, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்காக மறுநாள் காலை வீடியோவில் நேர்காணல். மூன்று வருட வேலை. வீட்டுக்காரரிடமும் பேசுவார்கள். இவனோ இதுவரை போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

“இன்னொன்னு சொல்லு, கேப்போம்.”

எந்நேரமும் காதில் இயர்போன் என்று ஜப்பான் மொழியில் சொன்னாள்.

“இது இன்னா?”

“பொறுப்பான மனுசன்னு அர்த்தம்.”

தூக்கத்தில் உளறுவார் என்று அடுத்ததைச் சொன்னாள். “இது, ஊரே மெச்சுற ஆளுன்னு அர்த்தம்.”

“ஜாஸ்தி புகழாத புள்ள, கண்ணு பட்டுடும்!”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “கரும்பு எறக்க ஆலை வரிசையில வண்டிய போட்டுட்டு நாள் பூரா இன்னாதான் பண்ணுவீங்க?”

“பாட்டு கேட்டுக்கினு கெடப்பேன்.”

“நாளைக்கு அவங்க கூப்ட்டா தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். மிச்சத்த நான் பேசிக்கிறேன்.”

சின்னராசு அப்போதே தலையை ஆட்டினான்.

மறுநாள் நேர்காணல் நன்றாகவே போனது. கடைசியில் திரையில் இருந்த ஜப்பான் அம்மாள், “உங்கள் மனைவியை அனுப்பச் சம்மதமா? அவரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார். சலவைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த கணவனுக்கு அதைத் தமிழில் சொல்ல இசைவாணி வாயெடுத்தாள்.

அவன் கைகாட்டி அவளை நிறுத்தினான். திரையைப் பார்த்துக் கும்பிட்டு, ஜப்பான் மொழியிலேயே நிதானமாகச் சொன்னான்: “முழுச் சம்மதம். ஆனால் உடம்பு முடியாதபோதும் இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்வது இவளுடைய கெட்ட பழக்கம். தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.” அந்தக் ‘கச்சி’யைக்கூட விடாமல் ஒட்டியிருந்தான்.

இசைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கிசுகிசுத்தான்: “ஆறு மாசமா இயர்போன்ல ஓடுனது பாட்டு இல்ல வாணி, உன் கிளாஸு ஆடியோ. கரும்ப எறக்குன அப்புறமும் வண்டியிலயே உக்காந்து பாடத்த முடிச்சுட்டுத்தான் வருவேன்... தூக்கத்துல உளறுனதும் அதான்!”