மெதுவா ஓட்டிகினு வாங்க

"லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டர் குடுக்கும் சார். மத்த கம்பெனி ஹைபிரிட் இருபத்துமூணுதான். புகையும் இதுல கம்மி. பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி," என்றான் விற்பனையாளன் கிருபாகரன்.

உதயகுமார் காரையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்துலயும் இதுதான் ஒசத்தியா கீது. இன்னும் இன்னாத்துக்குங்க யோசிச்சுகினு கீறீங்க?" என்றாள் அவன் மனைவி விஜி எரிச்சலோடு. அம்பத்தூரில் ஏறி இறங்கிய எந்த ஷோரூமிலும் அவன் பிடிகொடுக்கவில்லை.

அவன் கிருபாகரனிடம் திரும்பினான். "வண்டிய வெளிய எடுத்து, எங்க பக்கமா மெதுவா ஓட்டிகினு வாங்க. ஹாரன் அடிக்காதீங்க."

"அதுல இன்னாத்த தெரிஞ்சுக்கப் போறீங்க?" என்று விஜி முணுமுணுத்தாள்.

சோபாவிலிருந்த மகள் கவிப்பிரியாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய், வாசலில் ஓரமாக நின்றான் உதயகுமார். கார் பேட்டரியில் ஓசையின்றி நகர்ந்து வந்தது. நெருங்க நெருங்க அவன் மகளின் முகத்தையே பார்த்தான். அதில் சின்னச் சலனம்கூட இல்லை. கையெட்டும் தூரத்தில் கார் நின்றது.

"கார் எப்பப்பா வரும்?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை அவள். மேனாம்பேட்டில் அவர்கள் சந்துக்குள் அப்பாவின் பழைய டீசல் வண்டி இரைந்துகொண்டு நுழைந்ததும், சுவரைத் தடவியபடி தெருவுக்கே ஓடிவந்துவிடுவாள்.

விஜி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சத்தம் போடுற வண்டியாவே பாக்கலாங்க," என்றாள்.