ஒரு ஆள் நிற்கும் இடம்

மூன்று மணிக்கு நான்காவது கேமராவையும் பொருத்திவிட்டு மெக்கானிக் லாரியைவிட்டு இறங்கினான். செங்கோடன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பார்த்தான். கையகலத் திரையில் முன்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது, பிறகு பின்பக்கம், பிறகு இடப்பக்கம்.

"எங்கயாச்சும் ஆள் மறைஞ்சா சொல்லுங்க, திருப்பி வச்சர்றேன்," என்றான் மெக்கானிக்.

ஆளாக நடந்து காட்டியவன் கிளீனர் மாரப்பன். இத்தனை வருடமும் லாரி பின்னால் போகும்போதெல்லாம் அவன்தான் இறங்கி நின்று பாடியைத் தட்டுவான். தட்டும்வரை வரலாம், தட்டுவது நின்றால் பிரேக். இனிமேல் கிளீனர் வேண்டாம், கேமரா போதும் என்று முதலாளி காலையில் சொன்னதைச் செங்கோடன் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

முன்கேமராவில் மாரப்பன் மீசையை நீவிக்கொண்டான். பின்கேமராவில் கும்பிடு போட்டான்.

"ஓட்டுக் கேக்க வந்தவனாட்டம் நிக்காதடா, நட," என்று செங்கோடன் சன்னல் வழியே கத்தினான்.

மாரப்பன் சிரித்துக்கொண்டே பின்பக்கத்து இடது மூலைக்கு நகர்ந்தான். திரையில் வெறும் தரைதான் இருந்தது. செங்கோடன் பொத்தானை அழுத்தினான். நான்கு படங்களும் சுற்றி வந்தன. ஒன்றிலும் அவன் இல்லை.

மெக்கானிக் ஏணியில் ஒரு காலை வைத்தபடி செங்கோடனின் முகத்தைப் பார்த்தான். அந்த மூலையிலிருந்து பாடியைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு நின்றது. வண்டி ஓடவில்லை என்றாலும் செங்கோடனின் கால் பிரேக்குக்குப் போயிற்று.

"அண்ணா, இங்க நின்னா தெரியறனுங்களா?"