சாவி பத்தரைக்குத்தான் கிடைக்கும்

"இன்னிக்கும் சாவி அவர்கிட்டதான் சார்! ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

அவள் நுழைந்த வேகத்தில், அலுவலகக் கணினி சர்வரைக் கவனித்துக்கொள்பவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

இரும்புப் படிக்கட்டுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகம் அது. மேசைகளில் வெறும் திரைகள்தான். ஆளுக்கொரு கணினி என்பதெல்லாம் இந்த ஒரே சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் கணினியாக, ஓடிக்கொண்டிருந்தது. வரையும் மென்பொருள் திறக்க பென்டிரைவ் போன்ற ஒரு யுஎஸ்பி சாவி வேண்டும். சர்வரின் முதுகில் செருகியிருந்த அந்தச் சாவியை, ஒரு நேரத்தில் ஒரு மெஷினோடுதான் இணைக்க முடியும். வரைகிறவர்களோ இரண்டு பேர்: அவளும், 'மீசை' என்று எல்லோரும் சொல்லும் சீனியரும். இன்னொரு சாவி வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை.

"மீசை எட்டு மணிக்கே வந்து சாவியைத் தன் மெஷினுக்கு இழுத்துக்கறார். பத்தரைக்குத்தான் விடறார். அதுவரைக்கும் நான் ஈ ஓட்டறேன்."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"கேட்டேனே! 'கொஞ்சம் பொறும்மா'ன்னு மீசையைத் தடவறார். அவரோட வேலையை நான் போனப்புறம் சாயங்காலம் உட்கார்ந்து முடிக்கறார். அப்போ காலையில என்ன வரையறார்? வெளி ஆளுக்கு வரைஞ்சு கொடுக்கறார் சார், வேற என்ன?"

அவள் சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்று மேனேஜர் வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறார்.

"என் படம் ஒண்ணுகூட தப்புன்னு பட்டறையிலேர்ந்து திரும்பி வந்ததில்லை. மேனேஜரே பாராட்டினார். ஆனா எண்ணிக்கை குறைச்சல்ங்கறார். இந்த மனுஷனால என் வேலையே போயிடும் போல."

புகார்க் கடிதம் கையில் தயாராக இருந்தது.

"அவர் என்னென்ன ஃபைல் திறந்தார்னு சர்வர்ல இருக்குமே? பிரிண்ட் போட்டுக் கொடுங்க. இதோட இணைக்கணும்."

அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. தட்டினார். பட்டியல் வந்தது. பட்டியலில் மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

"வேண்டாம்மா. விட்டுடுங்க."

"பார்த்தீங்களா, நீங்களும் அவர் கட்சி!"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மூன்று மாதப் பட்டியல். தினமும் எட்டிலிருந்து பத்தரைக்குள் திறந்தவை அத்தனையும் அவள் முந்தின நாள் வரைந்த படங்கள். பதினோரு மணிக்குப் பட்டறைக்குப் போகவேண்டியவை.

நேற்றைய படத்தின் பழைய பிரதியையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டினார். உயரத்துக்குப் பதினெட்டு படி வேண்டிய மாடிப்படிக்கு அவள் பதினேழுதான் போட்டிருந்தாள். இன்று காலை எட்டேகாலுக்கு அது பதினெட்டு ஆகியிருந்தது.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படத்தின் மூலையில், 'வரைந்தவர்' கட்டத்தில் அவள் பெயர் அப்படியே இருந்தது. 'திருத்தியவர்' கட்டத்தை ஒரு படத்தில்கூட மீசை நிரப்பியிருக்கவில்லை.