வணக்கம் சொன்னதும் வைத்துவிடுவார்

"வணக்கம், அவசர உதவி" என்று போனில் ஒரு பெண் குரல் கேட்டதுதான் தாமதம், நாச்சிமுத்து பட்டென்று இணைப்பைத் துண்டித்தார். கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியால் காலடியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். நிமிர்ந்தபோது எதிரே போலீஸ்காரன் அஷ்ரஃப் நின்றுகொண்டிருந்தான்.

பெரியவர் பதறவில்லை, போனை ஒளிக்கவும் இல்லை. "வாங்க" என்றார், விருந்துக்கு வந்தவனை அழைப்பதுபோல.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனாலும் அஷ்ரஃபுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் இன்று மாட்டுச் சந்தை. ரோட்டை அடைத்து நிற்கும் லாரிகளை விரட்ட வேண்டியவனை, எல்லையோரத் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு விரட்டியிருந்தார் எஸ்.ஐ.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக இந்த மனிதர் அவசர எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எடுத்தவர்கள் வணக்கம் சொன்னதும் வைத்துவிடுவார். தீயும் இல்லை, திருட்டும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து தமிழ்நாட்டு கன்ட்ரோல் ரூம்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார்கள். போனை வாங்கிக்கொண்டு வா, தராவிட்டால் ஆளையே கூட்டிக்கொண்டு வா என்பது உத்தரவு.

வழியில் டீக்கடையில் விசாரித்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மனைவி தெய்வாத்தாள் மாரடைப்பு வந்து விழுந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அன்றைக்கே இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். பொம்பளைக் குரல் கேட்கத்தான் போன் போடுகிறார் என்று கண்ணடித்தார் இன்னொருவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அஷ்ரஃபும் பாதி நம்பிக்கொண்டுதான் வந்திருந்தான்.

இப்போது பார்த்தால் மீதியையும் நம்பலாம்போல இருந்தது. வாசல், மாட்டுக்கொட்டகை, கிணற்றுமேடு, தென்னையடி என்று எங்கே திரும்பினாலும் வெள்ளை வெள்ளையாகப் பெருக்கல் குறிகள்.

"பேரப்பிள்ளைங்க விளையாண்டதா?"

"பிள்ளைங்கெல்லாம் திருப்பூர்ல இருக்குதுங்க. நாந்தானுங்க போட்டேன்."

சந்தேகமே இல்லை, பித்துதான். அஷ்ரஃப் வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கையை ஆரம்பித்தான். எத்தனையோ பேரிடம் ஒப்பித்த பாடம் அது, நாக்கு தானாகவே ஓடியது.

"நீங்க சும்மா கூப்பிட்டு லைனை அடைச்சு வெக்கிறீங்க. அந்த நேரத்துல எவனோ ஒருத்தன் பொண்டாட்டிக்கு உசுரு போயிட்டிருக்கும். அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்பது அஷ்ரஃபுக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. பெரியவர் முகத்திலோ ஒன்றும் அசையவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. இப்படி மரத்துப்போன முகத்தை அவன் பிணவறை வாசலில்தான் பார்த்திருக்கிறான்.

குரலைத் தணித்துக்கொண்டு போனைக் கேட்டான். நீட்ட வந்த கை பாதியில் நின்றது.

"இன்னும் ஒரே ஒரு எடம் பாக்கி இருக்குதுங்க. அங்க மட்டும் போட்டுப் பாத்துட்டுக் குடுத்தர்றனுங்க. அதுக்கப்புறம் எனக்குப் போனே வேண்டாமுங்க."

பிடிக்க வந்தவன் கண்ணெதிரிலேயே இன்னொரு தடவையா? முடியாது என்று சொல்லத்தான் அஷ்ரஃப் வாயெடுத்தான். சற்றுமுன் அதே வாய் பேசியது நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிவிட்டான்.

நாச்சிமுத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். அங்கே துணி துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. மேலே சோப்புப் பெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. இந்தப் பக்கம் மட்டும் ஒரு குறியும் இல்லை.

கிட்டே போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கல்லோரமாகப் போய், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இங்கதானுங்க விழுந்தா. இங்க டவரு ஒத்தக் கோடுதான் காட்டும். வாசல்ல முழுசாக் காட்டும்னு அவள உட்டுப்போட்டு அங்க ஓடுனேனுங்க."

எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"நமஸ்காரம்" என்றது ஒரு குரல். "ஹலோ, எந்தாணு பிரஷ்னம்?"

மலையாளம். இந்தத் தடவை நாச்சிமுத்து துண்டிக்கவில்லை, போனைப் பிடித்தபடி கல்லையே பார்த்தார். அஷ்ரஃபே போனை வாங்கி, ஒன்றுமில்லை என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அணைத்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மண்ணில், ஒரு டவர் நெட்டுக்குத்தாக நின்றது. அதை வீட்டுச் சுவர் இந்தக் கல்லுக்கு மட்டும் மறைத்திருந்தது.

"வாசல்ல நின்னு போட்டா தமிழ்நாட்டுக்குப் போயிருதுங்க" என்றார் நாச்சிமுத்து. "அன்னைக்கும் அப்படித்தான் போச்சு. அது கேரளாவாச்சேன்னு அவங்க இவங்களுக்குச் சொல்லி, இவங்க வண்டிய அனுப்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எங்க நின்னு போட்டிருந்தாலும் அங்கதான் போயிருக்கும்னு தெரிஞ்சா மனசு ஆறும்னு பாத்தேனுங்க."

குனிந்து, கல்லுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

"ஓடாம அவ பக்கத்துலயே நின்னிருக்கோணுமுங்க."