எவ்வளவு நெருக்கம்?

“மைமூன் லாத்தாவ இப்பவே என்கூட அனுப்புங்க.”

கேட்கவே கூடாது என்று கணவன் மிரட்டி வைத்திருந்ததைத்தான் ரொஹானா, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதும் புதுக் கிராணியிடம் கேட்டாள்.

“பட்டாளம் வீட்டைச் சோதனை போட்ட நாள்லேருந்து இந்தம்மா யார்கிட்டயும் பேசுறதில்ல. உனக்கு அவ்ளோ நெருக்கமா?”

“தெனம் சண்டைதான்.”

“அப்புறம் என்ன நெருக்கம் லா?”

“நேத்து நான் ஊட்டுன சோத்தைத் துப்பிட்டு, ‘உப்பு கூடுதல்டி’ன்னாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த பேசுனாங்களா?”

கிராணி சிரித்துவிட்டார். “லாத்தா லாத்தாங்கறியே, கூடப் பொறந்த அக்காவா?”

“இல்ல. அவங்க புருசனுக்கு நான் ரெண்டாந்தாரம்.”

கிராணியின் சிரிப்பு நின்றது. “அவரு இவங்கள உள்ள விடுவாரா?”

“விடமாட்டாரு. அந்த வீட்டுக்கு யாரு போறா? கம்போங் ராஜால எங்க ரெண்டு பேருக்கும் ரூம் பாத்தாச்சு.”

கிராணி பதிவேட்டில் மைமூனின் பெயரை அடித்தார். ஊரடங்குக்கு முன் போய்ச் சேர வேண்டும். தன் சால்வையை மைமூனுக்குப் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு ரொஹானா வெளியே நடந்தாள்.